ஒட்டி வைத்த விடை

போன மாதம் டிரங்குப் பெட்டியைக் காலி செய்தபோது அடியில் பழுப்பேறிய தாள் ஒன்று அகப்பட்டது. மேலே டைப் அடித்த ஓர் ஆங்கிலப் பத்தி, அதன் கீழே ஒரே ஒரு கேள்வி, அதற்கு நான் பென்சிலால் எழுதிய பதில். தாளின் அடிப்பகுதியை மடித்துக் கோந்து தடவி ஒட்டியிருந்தது. சரியான விடை அந்த மடிப்புக்குள்தான் இருந்தது. நாற்பது வருஷத்துக்கு மேலாக நான் அதைப் பிரிக்கவில்லை.

அது என் நாத்தனார் தந்த தாள். என் கணவரின் அக்கா. என்னைவிட மூன்று வயதுதான் பெரியவள். எழுபதுகளின் கடைசியில் டெல்லி கரோல் பாகில் ஒரு வாடகை வீட்டு மாடியில் நாங்கள் மூவரும் குடியிருந்தோம். அவளும் நானும் ஒரே சர்க்கார் ஆபீசில் தற்காலிகக் குமாஸ்தாக்கள். நிரந்தர இடம் ஒன்று காலியானது. அதற்கு ஓர் ஆங்கிலப் பரீட்சை. பத்தியைப் படித்துப் பதில் எழுதும் பகுதிதான் அதில் ஆளைக் கவிழ்ப்பது. அவள் டெல்லியில் படித்தவள், இங்கிலீஷ் பேப்பரைக் காபி ஆறுவதற்குள் படித்து முடித்துவிடுவாள். நான் மன்னார்குடியில் தமிழில் படித்தவள். நிரந்தரமாகாவிட்டால் மார்ச்சோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஓர் இடம், ஒரே வீட்டில் இரண்டு பேர். அப்படி இருக்க, அவளே வந்து "ஒனக்கு நான் சொல்லித் தரேன்" என்றால் யார் நம்புவார்கள்? ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான் எனக்கு ஞாபகம் வந்தது.

ஆபீசில் சாப்பாட்டு வேளையில் தானே பத்திகளை எழுதி டைப் அடித்துக் கொண்டுவருவாள். விடைகளைத் தாளின் அடியில் அடித்து, மடித்து ஒட்டிவிடுவாள். நான் பதில் எழுதிய பிறகுதான் பிரிப்பாள். ஒரு பத்தி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நாங்கள் அப்பளமும் தேங்காயும் வாங்கும் கடையைப் பற்றியது. கடைக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்று அதில் இருந்தது. திங்கட்கிழமைதோறும் அவளோடு அந்தக் கடைக்குப் போய்ப் பை தூக்கியவள் நான். செவ்வாய்தான் விடுமுறை என்று எழுதினேன். சிவப்பு மசியால் ஒரே அடி.

"அக்கா, போன திங்கக்கிழமைகூடப் போனோமே!"

"ஒனக்குத் தெரிஞ்சத யார் கேட்டா? பேப்பர்ல இருக்கறத எழுது. அடுத்தது, ஜல்தி!"

அடுத்த தாளை அவள் குளிக்கப் போனபோது இட்லிப் பானை ஆவியில் காட்டிப் பிரித்துப் பார்த்தேன். அங்கேயும் ஒரு பொய்யைத்தான் விடை என்று அடித்திருந்தாள். பிடிபட்டாள் என்று எனக்குச் சந்தோஷம்கூட வந்தது. வேண்டுமென்றே தப்பாகச் சொல்லித் தருகிறாள் என்று கணவரிடம் சொன்னேன். அவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "சந்தேகப்படறதுக்குப் பரீட்சை வெச்சா நீதான் ஃபர்ஸ்ட்" என்றார். தம்பி அக்காவை விட்டுக்கொடுப்பானா என்று அவரையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்தேன்.

பரீட்சைக்கு இரண்டு நாள் முன்னால் தந்ததுதான் பெட்டியில் கிடைத்த தாள். பத்தி சின்னது. ஒரு வீட்டில் இரண்டு பெண்கள். ஒரே வேலைக்குப் பரீட்சை. மூத்தவள் விண்ணப்பமே போடவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. கேள்வி: மூத்தவள் ஏன் விண்ணப்பம் போடவில்லை? போட்டியில்லை என்று நம்பி நான் படிப்பில் அசட்டையாகத்தான் இந்தத் தந்திரம் என்று பட்டது. "வேலை வேறு வழியில் கிடைத்துவிடும் என்று அவளுக்குத் தெரியும்" என்று அழுத்தி எழுதிக் கொடுத்தேன். அவள் அதை இரண்டு தரம் படித்தாள். சிவப்பு மசியைத் தொடவில்லை. "அச்சா. இத பரீட்சை முடிஞ்சப்பறம் பிரிச்சுக்கோ" என்று தாளைத் திருப்பித் தந்தாள்.

பரீட்சைக் கூடத்தில் அவள் இல்லை. மணி அடிக்கும்வரை வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். வந்த பத்தி நெல் நடவைப் பற்றியது. நான் பிறந்த நாளாய்க் கண்ணால் பார்த்ததற்கு நேர் மாறாக எழுதியிருந்தார்கள். கை என் ஊர் நடவை எழுதத்தான் போனது. "ஒனக்குத் தெரிஞ்சத யார் கேட்டா?" என்ற குரல் காதில் விழுந்தது. பேப்பரில் இருந்ததை எழுதினேன். தேறினேன்.

அப்போதும் புத்தி திருந்தவில்லை. என் பதில்தான் சரி என்ற நினைப்பில் மடிப்பைப் பிரிக்காமலே தாளைப் பெட்டியில் போட்டுவிட்டேன். அவள் அடுத்த வருஷம் வேறோர் ஆபீசில் சேர்ந்ததும், "பாத்தீங்களா, முன்னாலேயே ஏற்பாடு பண்ணியிருக்கா" என்று கணவரிடம் சொல்லிக்காட்டினேன். அந்த நிரந்தர வேலையில் இருந்துதான் ஓய்வு பெற்றேன். அவளுக்கு ஒருநாளும் நன்றி சொல்லவில்லை.

போன மாதம் பழைய வழக்கப்படி மடிப்பை ஆவியில் காட்டினேன். உள்ளே ஒரே ஒரு வரி அடித்திருந்தது: "காரணம் பத்தியில் சொல்லப்படவில்லை."

எனக்காக விட்டுக்கொடுத்தாள் என்று இப்போது எழுத ஆசையாக இருக்கிறது. அதுவும் பத்தியில் இல்லை. கேட்கலாமென்றால் அவள் போய் ஆறு வருஷமாகிறது. பேரனின் ரப்பரை வாங்கி என் பதிலை அழித்தேன். பென்சில் போய்விட்டது. அழுத்தி எழுதிய தடம் அப்படியே இருக்கிறது.