தம்பிக்காக நான் போட்ட பட்டியல்

என் தம்பி பிறப்பதற்கு முன்பு அவனுக்கு என்னென்ன வாங்க வேண்டும் என்று முடிவு செய்தது நான்தான். அப்போது எனக்குப் பத்து வயது. இதைச் சொன்னால் கல்லூரியில் என்னோடு படிப்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்க ஒன்றுமில்லை. அப்பா வழியிலும் அம்மா வழியிலும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். மருந்துச் சீட்டு, ரேஷன் கார்டு, ஊரிலிருந்து வரும் கடிதம், பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருக்கும் இடம் எல்லாம் என் வாய்வழியாகத்தான் எங்கள் வீட்டுக்குள் வந்தன. ஒரு குழந்தை மட்டும் என்னைக் கேட்காமல் வந்துவிட முடியுமா?

அப்பாவுக்கு மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் பியூன் வேலை. டில்லியில் மந்திர் மார்க் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் எங்களுக்கு ஓர் அறையும் சமையற்கட்டும் இருந்தன. அம்மா அதே கட்டடத்தின் மாடியில் ஒரு கிளார்க் வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். நான் நடந்து போகும் தூரத்தில் தமிழ்ப் பள்ளிக்கூடம். வகுப்பில் எனக்கு முதல் ராங்க். இரண்டாவது ராங்க் அந்த மாடி வீட்டுக் கிளார்க்கின் பெண்ணுக்கு. அவள் வீட்டில் என் அம்மா பாத்திரம் தேய்ப்பது அவளுக்கு ஒரு விஷயமாகவே இருந்ததில்லை. எனக்கு இருந்தது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்கும் தம்பிக்கும் நடுவில் ஒருவன் இருந்தான். சேலத்துப் பக்கம் எங்கள் ஊரில் பிறந்து, ஒன்பது நாள் இருந்துவிட்டுப் போய்விட்டான். எனக்கு அப்போது மூன்று வயது. அவனைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறந்ததில்லை. எனக்குப் பதினைந்து வயதாகும்வரை அப்படி ஒருவன் இருந்ததே தெரியாது. தம்பி பிறக்கவிருந்த கார்த்திகை மாதத்தில் அம்மா கேட்டதெல்லாம் இவனாவது தங்க வேண்டும் என்பதுதான். அது தெரியாமல் நான் நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

எனக்கு ஆதாரம், டிஸ்பென்சரியில் அம்மாவுக்குக் கொடுத்த இந்தித் துண்டுப் பிரசுரம். அதை நான் மூன்று முறை படித்தேன். குழந்தை பிறக்கும் முன் தயாராக வைத்திருக்க வேண்டியவை என்று அதில் ஒரு பக்கம் இருந்தது. வெந்நீரில் அலசிய பழைய பருத்தித் துணிகள் என்றும் அதில் ஒரு வரி இருந்தது. அதையும் படித்தேன். அது வசதி இல்லாதவர்களுக்காக எழுதிய வரி என்று நானாக முடிவு செய்து தாண்டிப் போனேன்.

"பொறக்கறதுக்கு முன்னால ஒன்னும் வாங்கக் கூடாது கண்ணு," என்றாள் அம்மா. "பொறக்கட்டும், அப்புறம் பாக்கலாம்."

"பொறந்தப்புறம் கடைக்கு ஓடறது படிக்காதவங்க செய்யறது."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா பீடியைக் கீழே தேய்த்து அணைத்தார். "டில்லிக் குளிரு நம்ம ஊரு மாதிரியா? படிச்ச புள்ள சொல்லுது, விடு," என்றார். அத்தோடு அந்த விவாதம் முடிந்தது.

கோல் மார்க்கெட்டில் ஒரு லாலாவின் கடைக்குப் போனோம். லாலா முதலில் ஒரு கிலுகிலுப்பையை எடுத்து ஆட்டிக் காட்டினார். சிவப்பும் மஞ்சளுமாக மின்னியது.

"இதனால என்ன உபயோகம்?" என்று இந்தியில் கேட்டேன்.

"குழந்தை பார்த்துச் சிரிக்கும் பேட்டீ."

"பிறந்த குழந்தைக்கு முதல் மாசம் கண்ணு சரியாத் தெரியாது. வேற காட்டுங்க."

லாலா அப்பாவைப் பார்த்தார். அப்பா கூரையைப் பார்த்தார். பெருமை தாங்காதபோது அப்பா அப்படித்தான் மேலே பார்ப்பார்.

அன்று நான் வாங்கியதை எல்லாம் இன்றைக்கும் என்னால் நியாயப்படுத்த முடியும். ஊக்குகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடிப் பார்த்து, தானாகத் திறந்துகொண்ட இரண்டைத் திருப்பிக் கொடுத்தேன். ரப்பர் ஷீட்டை மடித்துப் பிடித்து, மடிப்பில் வெடிக்கிறதா என்று பார்த்தேன். கம்பளித் தொப்பிகளைக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்து, அரிக்காத ஒன்றை எடுத்தேன். அது மற்றவற்றை விட அழகு குறைவு. பவுடர் டப்பாவோடு வந்த பஞ்சு உருண்டை வேண்டாம் என்றேன். ஃபிளானல் சட்டை மூன்று. கடைசியாகக் கண்ணாடிப் பால் புட்டி ஒன்று, அதைக் கழுவும் பிரஷ்ஷோடு.

புட்டியைப் பார்த்ததும் அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. "பால் எங்கிட்டல்ல இருக்குது?"

"அவசரத்துக்கு," என்றேன்.

பையை வீட்டுக்குள் கொண்டுவர அவள் விடவில்லை. வெளியே ஜன்னல் கம்பியில் மாட்டச் சொன்னாள். குழந்தை பிறந்த பிறகு உள்ளே வரட்டும் என்றாள். டில்லியில் வெளியே ஒரு பையை மாட்டி வைத்தால் அது எவ்வளவு நேரம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். மறுநாள் சனிக்கிழமை, அரை நாள் பள்ளி முடிந்து வந்தேன். அம்மா மாடி வீட்டுக்கு வேலைக்குப் போயிருந்தாள். பையை எடுத்து வந்து தகரப் பெட்டியில் வைக்கத் திறந்தேன். பெட்டியில் இடமில்லை. பாதிப் பெட்டியை ஒரு துணி மூட்டை அடைத்துக்கொண்டிருந்தது.

அவிழ்த்துப் பார்த்தேன். கழுத்து நைந்த ஒரு குழந்தைச் சட்டை. பால் கறை மஞ்சளித்துப்போன இன்னொன்று. பட்டனுக்குப் பதில் நூல் கட்டிய ஸ்வெட்டர். கிழித்த வேட்டித் துண்டுகள், யாருடைய சேலையிலிருந்தோ வெட்டிய சதுரங்கள். எல்லாம் துவைத்து மடித்திருந்தன. எல்லாம் யாரோ போட்டுக் கழித்தவை. அம்மா வீடு வீடாகப் போய் இதை வாங்கி வந்திருக்கிறாள் என்று புரிந்ததும் காதெல்லாம் சுட்டது. என் தம்பியோ தங்கையோ, எவளோ பெற்ற பிள்ளையின் கறையைப் போட்டுக்கொள்வதா?

அந்த நேரம் பார்த்து வாசலில் "பர்த்தன்!" என்று குரல் கேட்டது. பழைய துணிக்குப் பாத்திரம் மாற்றித் தருகிறவள், தலையில் கூடையோடு நின்றாள்.

புட்டியைக் கொதிக்க வைக்கத் தனிப் பாத்திரம் வேண்டும் என்று பிரசுரத்தில் இருந்தது. எங்களிடம் தனிப் பாத்திரம் இல்லை. எல்லாமே தானாகக் கூடி வந்தது போல எனக்குத் தோன்றியது.

அவள் மூட்டையைக் கிளறிவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "இதெல்லாம் கந்தல் பேட்டீ. இதுக்கு ஒரு கரண்டிகூட வராது."

"வேட்டி நல்ல பருத்தி. கிழியாது, இழுத்துப் பாருங்க."

அவள் இழுத்துப் பார்த்தாள். நான் என் சின்னதாகிப்போன பள்ளிப் பாவாடையையும் சேர்த்தேன். பிறகும் அரை மணி நேரம் வாதாடி, மூடியோடு ஓர் எவர்சில்வர் பாத்திரம் வாங்கினேன். முகம் தெரிகிற மாதிரிப் பளபளவென்றிருந்தது. பெட்டியில் என் சாமான்களை அடுக்கி, மேலே அந்தப் பாத்திரத்தை வைத்தேன்.

அம்மா வந்ததும் காட்டினேன். அவள் பாத்திரத்தைப் பார்க்கவில்லை. பெட்டியின் அடிவரை கையை விட்டுத் துழாவினாள்.

"மூட்டை எங்க?"

"அதுக்குத்தான் இது வந்துச்சு."

"எல்லாமுமா?"

"எல்லாமும். என் பாவாடையும் சேத்து."

அம்மா கீழே உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகு எழ முடியாத மாதம் அது. ஆனாலும் எழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட் வரை போனாள். அங்கிருந்து சாலைக்கும் போய் இரண்டு பக்கமும் பார்த்தாள். பாத்திரக்காரி போய் வெகு நேரம் ஆகியிருந்தது. திரும்பி வந்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடிக்கவில்லை.

"நீதான் குடுத்த. நீதான் போய்க் கேட்டு வாங்கியாரணும்," என்றாள். "நான் ரெண்டாந்தரம் கேக்கக் கூடாது."

"என்னன்னு கேக்கறது?"

"கொழந்தைக்குப் பழந்துணின்னு கேளு. வேற ஒன்னும் சொல்லாத. கையில வாங்காத. பாவாடைய ஏந்தி வாங்கு."

"பிச்சைக்காரி மாதிரியா?"

"ஆமா கண்ணு. பிச்சைதான்."

மூன்று வீடுகளைச் சொன்னாள். சர்தார்னி ஆன்ட்டி வீடு, கடைசி வரிசையில் கட்வால் மலைப்பக்கத்து வாட்ச்மேன் வீடு, மாடி வீடு. வேறு எங்கும் போகக் கூடாதாம். சர்தார்னிக்கு நாலு பையன்கள். வாட்ச்மேன் மனைவிக்கு ஐந்து பிள்ளைகள். மாடி வீட்டில் மூன்று. அந்த வீடுகளில் பிறந்த பிள்ளைகள் எல்லாமே தங்கின, அதற்காகத்தான் அங்கே கேட்கச் சொல்கிறாள் என்று நான் யோசிக்கவில்லை. நான் யோசித்ததெல்லாம் மாடி வீட்டைத் தவிர்க்க வழி இருக்கிறதா என்றுதான்.

சர்தார்னி ஆன்ட்டி நான் ஏந்திய பாவாடையைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். சர்தார்ஜியின் வெளிர் ரோஜா நிறத் தலைப்பாகைத் துணியோடு வந்தார். கட்டிக் கட்டி வெண்ணெய் மாதிரி ஆகியிருந்த மெல்லிய பருத்தித் துணி.

"நாளைக்கு நான் எதைக் கட்டிக்கொண்டு போவேன்?" என்று உள்ளேயிருந்து சர்தார்ஜியின் குரல் வந்தது.

"உங்க தலை பெரிசாயிடுச்சு ஜீ. இது இனிமே சின்னத் தலைக்கு," என்று சொல்லிவிட்டு, என் பாவாடையில் அதைப் போட்டு, கன்னத்தைத் தட்டினார்.

வாட்ச்மேன் மனைவி மலைநாட்டுக் கம்பளித் துண்டு ஒன்றைப் போட்டாள். பிறகு மாடிப்படி. பதினெட்டுப் படிகள், ஒவ்வொன்றிலும் நின்றேன். கதவைத் திறந்தது இரண்டாவது ராங்க்.

"கணக்கு நோட்டு வேணுமா?" என்றாள்.

"இல்ல. கொழந்தைக்குப் பழந்துணி."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஏந்திய பாவாடையைப் பார்த்தாள். "அம்மா," என்று கூப்பிட்டாள். மாமி ஈரக் கையோடு வந்தார்.

"முன்னாடியே எல்லாத்தையும் உங்கம்மாகிட்ட குடுத்துட்டேனே. இனிமே எங்கிட்ட ஒண்ணும் இல்லையே," என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். இரண்டு வயதுக் கடைசிப் பையனை இடுப்பில் தூக்கி வந்தார். அங்கேயே அவன் சட்டையைத் தலை வழியாகக் கழற்றினார்.

"அவனுக்குக் குளிரும்மா," என்றாள் மகள்.

"அவனுக்கு வேற இருக்கு. நீ உள்ள போ."

சட்டை என் பாவாடையில் விழுந்தது. இன்னும் சூடாக இருந்தது. மாமி என் தலையில் கை வைத்து, "நன்னாப் பொறந்து நன்னா இருக்கட்டும். அம்மாவை ரெண்டு நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம்னு சொல்லு," என்றார். நான் தலை நிமிராமல் இறங்கினேன். எங்கள் வறுமையைப் பார்த்து அந்த அம்மாள் பிள்ளை உடம்பிலிருந்தே கழற்றிக் கொடுக்கிறாள் என்று நினைத்தேன். நான் வேலைக்குப் போனதும் இந்த மூன்று வீடுகளுக்கும் புதுத் துணி வாங்கிக் கொடுத்துக் கணக்கைத் தீர்ப்பேன் என்று படியிலேயே சபதம் செய்தேன். திங்கட்கிழமை வகுப்பில் எல்லோருக்கும் இந்த விஷயம் தெரிந்திருக்கும் என்று பயந்துகொண்டே போனேன். அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. கணக்கு நோட்டை மட்டும் நீட்டினாள்.

ஐந்தாம் நாள் பகலில், ஆஸ்பத்திரியில் தம்பி பிறந்தான். அவனை முதலில் சுற்றியது சர்தார்ஜியின் தலைப்பாகை. முதலில் போட்டது மாடி வீட்டுப் பையனின் சட்டை. அது அவன் கால் வரை தொங்கியது. அதற்கு மேல் என் ஃபிளானல், தலையில் என் தொப்பி. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அம்மா, "எல்லாம் எம் பொண்ணு பாத்து வாங்குனது," என்றாள். நான் பக்கத்திலேயே நின்று ஊக்குகளின் தரத்தை விளக்கினேன். ஒன்பதாம் நாள் அம்மா அவனை மடியை விட்டு இறக்கவே இல்லை. பத்தாம் நாள் காலையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

புட்டி கடைசிவரை அடுப்பேறவில்லை. எவர்சில்வர் பாத்திரத்தில் அம்மா ரசம் வைத்தாள். ரப்பர் ஷீட்டும் ஊக்குகளும் ஒன்றரை வருஷம் உழைத்தன. அதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும்.

தம்பி சுவரைப் பிடித்து நடக்க ஆரம்பித்திருந்தபோது, பின் வரிசைக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு பெண் எங்கள் வாசலில் வந்து நின்றாள். நிறைமாதம். சேலைத் தலைப்பை மட்டும் இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். அம்மா தனக்குத் தெரிந்த இந்தியில், இது எத்தனையாவது என்று கேட்டாள். அவள் மூன்று விரல்களைக் காட்டினாள். பிறகு அதில் இரண்டை மடக்கினாள்.

அம்மா அவளை உட்காரச் சொல்லவில்லை, வேறெதுவும் கேட்கவும் இல்லை. எழுந்து கொடிப் பக்கம் போனாள். அதற்குள் நான் பெட்டியைத் திறந்து, தம்பி போடாமலேயே சின்னதாகிப்போன ஃபிளானல் சட்டையை எடுத்து வந்தேன். கடை மடிப்புக்கூடக் கலையவில்லை.

"ஆன்ட்டி, இது நானே பார்த்து வாங்கினது. யாரும் போடாதது," என்று சுத்தமான இந்தியில் சொன்னேன். "கூச்சப்படாம எடுத்துக்குங்க."

அந்தப் பெண் சட்டையைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தாள். அம்மா கொடியில் காய்ந்துகொண்டிருந்த தம்பியின் சட்டை ஒன்றை உருவி வந்தாள். பருப்புக் கறையும் முழங்கைக் கிழிசலுமாக இருந்த அதைத் தலைப்பில் போட்டாள். அந்தப் பெண் அதை அப்படியே எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து போனாள்.

நான் புதுச் சட்டையோடு நின்றேன். பள்ளிக்கூடம் போயிருந்தால் நல்லது எது என்று பார்த்து எடுக்கத் தெரிந்திருக்கும், பாவம், என்று நினைத்துக்கொண்டேன்.