என்ஜினுக்குப் பவுடர் போட்டேன்

முகத்துக்குப் போடுகிற பவுடரை யாராவது மோட்டார் சைக்கிளுக்குப் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

நான் போட்டேன். போன மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், போடியில் எங்கள் வீட்டு வாசலில், தெருவே வேடிக்கை பார்க்கப் போட்டேன். புது டப்பா. பாதி காலி. பக்கத்து வீட்டு அக்கா பால் வாங்கப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்தாராம். பிற்பாடு அவரே சொன்னார்.

ஆனால், அந்தப் பவுடரால் ஒரு குடும்பம் இரண்டாகாமல் தப்பித்தது. தற்பெருமை என்று நினைப்பீர்கள். ஆமாம், தற்பெருமைதான். இந்த வாரம் முழுக்க அதுதான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு என் வீட்டுக்காரரைத் தெரியும். நல்ல மனிதர். கோபம் மட்டும் முன்னால் வரும், யோசனை அடுத்த பஸ்ஸில் வரும். மலையில் எங்களுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் இருக்கிறது. காய் எடுக்கிற பருவத்தில் திங்கள்கிழமை மேலே போனாரானால் சனிக்கிழமைதான் இறங்குவார். அதுவரைக்கும் அங்கே, காய் உலர்த்துகிற ஸ்டோரிலேயே சாப்பாடு, தூக்கம்.

இத்தனை நாள் ஜீப்பில் தொற்றிக்கொண்டு போய் வந்தவருக்கு, சொந்தமாக ஒரு மோட்டார் சைக்கிள் வேண்டும் என்று ஆசை வந்தது. தேவாரத்தில் இருக்கிற என் தம்பி செல்வம் தன் வண்டியை விற்கப்போவதாகச் சொன்னான். வாங்கிவிட்டார். வண்டியின் பேரைச் சொல்ல மாட்டேன். கம்பெனிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். நாலு தெரு தள்ளி வரும்போதே சத்தம் கேட்கும், அவ்வளவுதான்.

செல்வம் அந்த வண்டியைப் பிள்ளை மாதிரி வைத்திருந்தவன். தினமும் துடைப்பான். செயினுக்கு எண்ணெய் விடுவான். பிளக்கைக் கழற்றி, கரி போக உப்புத்தாளால் தேய்த்து மாட்டுவான். சாவியைக் கொடுத்த அன்று, “ஒரு சொட்டு ஒழுகாது மச்சான், நம்பி எடுத்துக்கிட்டுப் போங்க” என்றான்.

மலைக்குப் போய் முதல் வாரமே ஒழுகியது.

அதுவும் எப்படி? சனிக்கிழமை இறங்கி வருகிறார்... வெள்ளை வேட்டியின் பின்பக்கமெல்லாம் கறுப்பு. வண்டியை நிறுத்தின இடத்தில் தோசைக்கல் அகலத்துக்கு எண்ணெய். நான் பெருக்கித் தெளித்த வாசல்! அதைத் தேய்த்துக் கழுவுகிற வேலை யாருக்கு? சொல்லவும் வேண்டுமா?

ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். கேஸ்கட் போய்விட்டது என்றார் ஒருவர். ஆயில் சீல் என்றார் இன்னொருவர். என்ஜின் அடியிலேயே விரிசல், சோப்பை வைத்து அடை என்றார் வண்டியே வைத்திராத ஒருவர். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கிற மெக்கானிக் ராசு கேஸ்கட்டை மாற்றினார். ஒழுகியது. சீலை மாற்றினார். ஒழுகியது. போல்ட்டுகளை எல்லாம் மல்லுக்கட்டி முறுக்கினார். அப்போதும் ஒழுகியது.

என் வீட்டுக்காரர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். வண்டி ஒழுகும் என்று செல்வத்துக்குத் தெரியும். தெரிந்தே தலையில் கட்டிவிட்டான்.

இதை வீட்டுக்குள் சொல்லியிருந்தால் பரவாயில்லை. கடைத்தெருவில் சொன்னார். சிலமலையில் ஒரு கல்யாணத்தில் சொன்னார். அது தேவாரத்துக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்? செல்வம் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டான்.

நடுவில் என் மகளின் காதுகுத்துக்கு நாள் குறித்தோம்.

எங்கள் பக்கம் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவோம். மொட்டை, சீர் எல்லாம் அப்புறம், மடிதான் முதல். இவர் ஒரு சனிக்கிழமை சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னார்: “ஏமாத்துனவன் மடியில எம்பிள்ளைய உக்கார வைக்க மாட்டேன். உங்க சித்தப்பா மகன் இருக்கான்ல, அவன வரச்சொல்லு.”

கூடப்பிறந்தவன் உயிரோடு இருக்கும்போது வேறு மடி தேடுவது என்றால் என்ன அர்த்தம்? அத்தோடு உறவு முடிந்தது. அதற்கப்புறம் நல்லது கெட்டது எதற்கும் அவன் என் வாசலை மிதிக்க மாட்டான். நான் அன்றைக்குச் சோறு சாப்பிடவில்லை. அழுதேன். அழுது முடித்ததும் எனக்குக் கோபம் வந்தது... இவர் மேல் இல்லை, தம்பி மேலும் இல்லை. அந்த வண்டி மேல்.

அது ஒரு இரும்பு. எங்கேயோ ஒரு இடத்தில்தான் ஒழுகுகிறது. அந்த இடத்தை இன்னும் ஒருவர்கூடப் பார்க்கவில்லை. ஒழுகின பிறகு எண்ணெய் வழிந்து பரவி, காற்றில் அடித்து, என்ஜின் முழுக்க அப்பிக் கிடக்கிறது. அதைப் பார்த்துவிட்டு ஆளுக்கொரு பேர் சொல்கிறார்கள். முதலில் ஊற்றைப் பார்க்க வேண்டாமா?

பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீரில் அமுக்குகிறார்களே, காற்று போகிற இடத்தில் குமிழ் வருகிறதே... எண்ணெய்க்கு அப்படி என்ன இருக்கிறது என்று இரவெல்லாம் யோசித்தேன். விடிந்து, மகளுக்குத் தலையில் எண்ணெய் வைத்து, முகத்துக்குப் பவுடர் போட்டுவிட்டேன். நெற்றியில் எண்ணெய் இறங்கிய இடம் மட்டும் பவுடர் கறுத்துக் கோடாகத் தெரிந்தது.

சீப்பைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன்.

மண்ணெண்ணெயும் பழைய பல் தேய்க்கிற பிரஷும் எடுத்துக்கொண்டு என்ஜினைக் கழுவினேன். மடிப்பு, இடுக்கு, போல்ட் தலை, எதையும் விடவில்லை. பழைய துணியால் துடைத்துக் காயவிட்டேன். கழுவின பிறகுதான் அது வெள்ளி நிறம் என்றே எனக்குத் தெரியும். அப்புறம் பவுடர் டப்பாவைத் திறந்தேன்.

இவர் வெளியே வந்து பார்த்துவிட்டு இதை எடுத்துக்கொண்டு எப்படித் தெருவில் போவது என்றார். மலையடிவாரத்து முந்தல் வரைக்கும் ஓட்டிவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம் என்றேன். என் முகத்தைப் பார்த்தவர் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கடைத்தெரு வழியாகப் போகாமல் சந்து வழியாகச் சுற்றிப் போனதாகக் கேள்வி.

திரும்பி வந்ததும் உட்கார்ந்து பார்த்தேன். கேஸ்கட் ஓரம்? காய்ந்த பவுடர். சீல் பக்கம்? காய்ந்த பவுடர். அடியில் விரிசலும் இல்லை, ஒன்றும் இல்லை. பின்பக்கம் மட்டும், ஒரு சின்ன ரப்பர் குழாயின் வாய்க்குக் கீழே, பளபளவென்று ஒரு கறுப்புக் கோடு.

வண்டியைத் தள்ளிக்கொண்டு ராசுவிடம் போனோம். இது என்ன குழாய் என்று கேட்டேன். என்ஜின் மூச்சு விடுகிற குழாய் என்றார். அதில் ஏன் ஆயில் வருகிறது என்றேன்.

“ஆயில் கூடிப்போச்சுன்னா அது வழியாத்தான் கக்கும்க்கா” என்றார். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று பாய்ந்தேன். அவரும் சும்மா விடவில்லை. கேஸ்கட் மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். சீல் மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். எவ்வளவு ஊற்றுகிறார்கள் என்று என்னிடம் யார் சொன்னது என்று திருப்பிக் கேட்டார். நியாயம்தானே?

ஆயில் மட்டம் பார்க்கிற கம்பியை உருவினார். மேல்கோட்டையும் தாண்டி வழிந்தது.

இவருக்கு முகம் சிவந்துவிட்டது. மலையில் தினமும் காலையில் பார்த்துத்தான் ஊற்றுகிறேன், கம்பியின் நுனியில்கூட ஈரம் இருக்காது, எனக்கென்ன கண்ணா தெரியவில்லை என்று கத்தினார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. கம்பியும் பொய் சொல்லாது. அப்படியானால்? ஆயிலை இறக்க வந்த ராசுவை, இன்னும் ஒரு நாள் அப்படியே இருக்கட்டும் என்று தடுத்தேன்.

மறுநாள் மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, நானும் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். வளைவுக்கு வளைவு குளிர் ஏறியது. போடிமெட்டு தாண்டித் தோட்டத்துப் பாதையில் குலுங்கிக் குலுங்கி ஸ்டோர் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தோம். இவர் வண்டியைத் திருப்பி, மூக்கு பள்ளத்தைப் பார்க்க நிறுத்தி, கியரில் போட்டு, முன்சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டக் கொடுத்தார்.

ஏன் இப்படி நிறுத்துகிறீர்கள் என்று கேட்டேன். என்னை ஏதோ வெளியூர்க்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். “மலையில எல்லாரும் இப்படித்தான். காலையில பனிக்கு கிக்கர் மிதிச்சா மசியாது. கல்ல எடுத்துட்டு எறக்கத்துல உருட்டுனா வெரசா பத்திக்கிரும்.”

சுற்றிலும் பார்த்தேன். பக்கத்துத் தோட்டத்து ஜீப், கணக்குப்பிள்ளையின் ஸ்கூட்டர், எல்லாம் தொட்டியில் தண்ணீர் குடிக்கிற மாடுகள் மாதிரி மூக்கைக் கீழே நீட்டிக்கொண்டு நின்றன.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்ச நேரம் விட்டு, கம்பியை உருவச் சொன்னேன். உருவினார். காய்ந்து கிடந்தது. அவர் முகத்தில் ஒரு வெற்றி. சரி, இப்போது வண்டியைத் திருப்பி மேட்டைப் பார்க்க நிறுத்துங்கள் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே திருப்பினார். மறுபடி உருவினார்.

எண்ணெய் சொட்டச் சொட்ட வந்தது.

உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். கம்பி இருப்பது என்ஜினின் பின்பக்கம். மூக்கு பள்ளத்தைப் பார்த்தால் ஆயில் எல்லாம் முன்பக்கம் ஓடிவிடும். கம்பிக்கு எங்கே கிடைக்கும்? ‘ஐயோ, வற்றிப்போச்சே’ என்று இவர் ஊற்றுகிறார். கூடினதை வண்டி கக்குகிறது. ‘ஐயோ, ஒழுகுதே’ என்று இன்னும் ஊற்றுகிறார். தேவாரம் சமதரை. செல்வத்திடம் அது ஏன் ஒழுகப்போகிறது? சமதரையில், வண்டியை நிமிர்த்தி நிறுத்தி, என்ஜினைக் கொஞ்சம் ஓடவிட்டு, அணைத்துப் பொறுத்துப் பார்க்க வேண்டிய மட்டத்தை, மலையேறி உட்கார்ந்துகொண்டு பார்த்தால் இப்படித்தான்.

இவர் கம்பியைத் துடைத்துச் செருகினார். ஸ்டோர் முற்றத்தில் காய் உலர்த்தச் சமப்படுத்திய இடத்துக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், கூடுதல் ஆயிலை ஒரு டின்னில் இறக்கினார். கோடு சரியாக வரும்வரை இறக்கினார். அன்றைக்கு இறங்கி வந்தபோது வேட்டி வெள்ளையாகவே இருந்தது. எனக்கு எப்படி இருந்திருக்கும்? பள்ளிக்கூடத்தில் கணக்கில் முதல் மார்க் வாங்கின அன்றுகூட நான் இவ்வளவு நிமிர்ந்து நடக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும், “தட்டுல வெத்தல பாக்கு எடுத்து வை. தேவாரம் போயிட்டு வந்துருவோம்” என்றார்.

போனோம். தட்டைக் கொடுத்தார், வரச்சொன்னார். அவ்வளவுதான். வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. செல்வம் தட்டை வாங்கிக்கொண்டான். சோலி நிறைய இருக்கிறது, பார்ப்போம் என்றான். நான் விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அவன் கையமர்த்திவிட்டான். “நீ சொல்லி என்னாகப் போகுதுக்கா? ஊரெல்லாம் என்னைய ஏமாத்துக்காரன்னு சொன்னது நீயா?” என்றான்.  இவரோ அதற்குள் வெளியே போய் வண்டிப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து. பந்தல் நிறைய ஜனம். நல்ல நேரம் நெருங்க நெருங்க நான் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் செல்வம் வந்தான். சீர்த்தட்டை மனைவியிடம் கொடுத்தனுப்பிவிட்டு, வந்தவர்களோடு வந்தவனாகக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தான். ஆசாரி ஊசியோடு காத்திருக்கிறார். மணையில் மாமன் மடி இல்லை.

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரரின் சித்தப்பா, ஊருக்கே கேட்கிற குரலில், அந்த வண்டி இன்னும் ஒழுகுகிறதா என்று கேட்டார். பந்தலே திரும்பிப் பார்த்தது. செல்வம் தலையைக் குனிந்துகொண்டான். துண்டை எடுத்துத் தோளில் போட்டான். எழுந்து போய்விடுவான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் நின்ற இடத்திலிருந்து, அதே அளவு சத்தமாகச் சொன்னார்:

“வண்டியில ஒரு குத்தமும் இல்ல சித்தப்பா. மாப்ள நல்ல வண்டியத்தான் குடுத்தான். அளவு தெரியாம ஊத்துனது நான். ஒழுகுனதும் எங்கிட்டருந்துதான்.”

சொல்லிவிட்டுக் கடைசி வரிசை வரைக்கும் நடந்து போய், மகளைச் செல்வத்தின் கையில் கொடுத்தார். “வா மாப்ளே. நேரமாச்சு.”

செல்வம் பிள்ளையை வாங்கிக்கொண்டான். மணையில் உட்கார்ந்தான். ஊசி பட்டதும் என் மகள் அலறினாள்; அவனுக்கு அவளைவிட அதிகமாகக் கண்ணீர் வந்தது. கடைத்தெருவில் சொன்ன பழியைப் பந்தலில் வைத்துத் திரும்ப எடுத்துக்கொள்ள எத்தனை ஆண்களுக்கு மனசு வரும்? இத்தனை வருஷத்தில் என் வீட்டுக்காரரை நினைத்து நான் இவ்வளவு பெருமைப்பட்டதில்லை. 

ஒன்றே ஒன்று. அவ்வளவும் சொன்ன மனிதர், அதைக் கண்டுபிடித்தது யார் என்று மட்டும் பந்தலில் சொல்லவில்லை... போகட்டும். அதற்குத்தானே எனக்கு வாரம் ஒரு பக்கம் கொடுத்திருக்கிறார்கள்!