அக்காவின் மெழுகுக் கை

எனக்கு ஒன்பது வயதில் அக்காவின் கை மேல் வந்த பொறாமையைச் சொன்னால் இன்றைக்கும் வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பட்டவளுக்குத்தான் தெரியும்.

மலைமேல் குண்டூர் நாட்டில் இருக்கும் எங்கள் ஊருக்கு மாதம் ஒருமுறை தோல் டாக்டரம்மா ஒருவர் ஜீப்பில் வருவார். அக்காவின் புறங்கையில் ஓரம் தடித்த ஒரு வெளிறிய படை இருந்தது. அதற்கு மாத்திரை கொடுத்தவர், டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று அந்தக் கையை மாவில் அச்செடுத்துப் போனார். போனில் எடுத்த போட்டோவில் தடிப்பு சரியாகத் தெரியாதாம். அடுத்த மாதம் அச்சில் மெழுகு ஊற்றி, அக்காவின் நிறமே தீட்டி, ஒரு கையைக் கொண்டுவந்து காட்டினார். அடேயப்பா! நகத்து அழுக்குகூட அப்படியே இருந்தது. மருந்து முடிந்து தோல் தெளிந்ததும் இன்னொரு கை செய்வாராம்.

அம்மா அதை மடியில் வைத்துத் தடவித் தடவிப் பார்த்தாள். என் கையை அவள் ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை.

மறுமாதம் டாக்டரம்மா வர இரண்டு நாள் இருக்கும்போது, சேராங்கொட்டையை நசுக்கி அதன் பாலைப் புறங்கையில் தேய்த்துக்கொண்டேன். பட்டால் தோல் வெந்துபோகும் என்று எங்கள் மலையில் நண்டு சிண்டுக்கும் தெரியும். கை வீங்கிக் கொப்புளித்தது. நல்ல பெரிய கொப்புளங்கள். வரிசையில் முதல் ஆளாகப் போய் நின்றேன்.

டாக்டரம்மா பார்த்ததும் சிரித்துவிட்டார். "சேராங்கொட்டையா கண்ணு? ஒரு வாரத்துல ஆறிடும். இதுக்கெல்லாம் மெழுகு வேண்டாம்."

அவர் தடவிய களிம்பு எரிந்த எரிச்சலில் அலறினேன். அம்மா முதுகில் ஒன்று வைத்தாள்.

"ஏன்டி ஊரக் கூட்டற? நேத்துக் கொதிக்கிற களி பட்டு உங்கக்கா கை பொத்துப் போச்சு. ஒரு சத்தம் போட்டாளா?"

டாக்டரம்மாவின் சிரிப்பு நின்றது. அக்காவின் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க, மொதல்லயே சொன்னேனே! இந்த நோயில படை இருக்கற எடம் மரத்துப் போயிடும், அவளுக்குச் சூடு தெரியாது, வலி தெரியாது. அடுப்புக்கிட்ட விடாதீங்கன்னு."

அம்மா அக்காவின் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். எதற்கு அழுகிறாள் என்றே எனக்கு விளங்கவில்லை. சுட்டாலும் வலிக்காத கை! அதையும் சாமி அவளுக்கே கொடுத்துவிட்டதே என்று, களிம்பு எரிய எரிய, நான் அதற்கும் சேர்த்து அழுதேன்.