வாய் திறக்காத ஒரு வாரம்

நான் வாடகைக்கு இருக்கும் அயர்லாந்து வீட்டில் பூனைக்குத் தனி நாற்காலி உண்டு. வீட்டுக்கார அம்மாள் அதில் யாரையும் உட்கார விடமாட்டார். பூனையோ யாரையும் கேட்காமல் என் தலையணையில் வந்து படுத்துக்கொள்ளும். எங்கள் ஆவூரில் பூனை அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தாலே விளக்குமாறு பறக்கும். இங்கே நான்தான் ஓரமாகப் படுக்கப் பழகிக்கொண்டேன்.

போன வருடம் மே மாதம் என் குரல் கம்மியது. முதலில் கரகரப்பு, பிறகு வெறும் காற்று. நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் காது மந்தமான பெரியவர்கள் என் உதட்டைப் பார்த்துத் தலையாட்டினார்கள். மிளகு, தேன் எல்லாம் விழுங்கிப் பார்த்தேன். மூன்று வாரமாகியும் சரியாகாததால் டாக்டரிடம் போனேன்.

சளி பிடித்ததா, புகை பிடிப்பீர்களா, சத்தமாகப் பேசுவீர்களா என்று கேட்டுக்கொண்டே வந்தார். "மனைவியிடம் மட்டும்" என்றேன், இருந்த குரலில். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று பரிவோடு விசாரித்தார். போனில் ஊருக்குப் பேசுவதைச் சொல்கிறேன், அவ்வளவு தூரம் கேட்க வேண்டாமா என்று விளக்கிய பிறகுதான் பேனாவை எடுத்தார். அடுத்து, நெஞ்சு எரிகிறதா என்றார்.

"ரொம்ப. மகள் நர்சிங் படிக்க மாட்டேன் என்கிறாள்."

வயிற்று அமிலம் தொண்டைக்கு ஏறினாலும் குரல் கம்முமாம். அவர் கேட்டது அதை. ஆனால் என் எரிச்சலும் பொய்யில்லை. ஜெசி நர்சிங் முடித்து இங்கேயே வந்துவிடுவாள், தனியாகச் சமைத்துத் தின்னும் காலம் முடியும் என்று நினைத்திருந்தேன். அவள் திருச்சியில் சட்டம் படிக்க ஆசைப்பட்டாள். என் மனைவி மேரியும் அவள் கட்சி. தினமும் மாலையில் போனில் கத்தியே அந்தப் பேச்சை அமுக்கி வந்தேன்.

டாக்டர் மூக்கு வழியாக மெல்லிய கேமராக் குழாயை விட்டுப் பார்த்தார். குரல்நாண்கள் வீங்கியிருந்தன. கத்தியது ஒரு காரணம், ஒவ்வாமையும் சேர்ந்திருக்கலாம் என்றார். பரிசோதனையில் பூனை மாட்டிக்கொண்டது. மாத்திரை தந்து, பூனையை அறைக்குள் விடக்கூடாது, ஒரு வாரம் பேசக்கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்றார்.

இதை மேரிக்கு எழுதி அனுப்பினேன். அன்று மாலையே வீடியோவில் வந்தாள். அவ்வளவு உற்சாகமாக அவளைப் பார்த்து நாளாகியிருந்தது.

"என்னங்க, ஜெசி சட்டத்துக்கு அப்ளிகேஷன் போடப் போறா. வேணாம்னா இப்பவே சொல்லிப்புடுங்க."

இரண்டு கைகளையும் தூக்கி, வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினேன்.

"ஏய் ஜெசி, இங்கிட்டு வா! அப்பா ஆசீர்வாதம் பண்றாரு பாரு. முழங்கால் போடு!"

மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு முழங்காலிட்டு, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். அவசரமாக நீளமான செய்தி ஒன்றைத் தட்டி அனுப்பினேன். பதிலாகக் கும்பிடும் கை பொம்மை வந்தது.

அந்த வாரம் முழுக்க ஜெசி பேசினாள், நான் கேட்டேன். எங்கள் ஊர் நிறுத்தத்தில் நிற்காமல் போன பஸ்ஸுக்காக அவள் மனு எழுதிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறியிருக்கிறாள். இப்போது பஸ் நிற்கிறதாம். இது நடந்து மூன்று மாதம். அவள் சொல்ல வந்தபோதெல்லாம் நான் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். ஆறாம் நாள், "போடு" என்று ஒற்றை வார்த்தை எழுதி அனுப்பினேன். "போட்டு நாலு நாளாச்சுப்பா" என்றாள்.

குரல் திரும்பியது. அவளுக்கு இடமும் கிடைத்தது. சேர்க்கைப் படிவத்தை நிரப்பும்போது வீடியோவில் கூப்பிட்டாள்.

"அப்பாவோட நிரந்தர முகவரின்னு கேட்டிருக்குப்பா. ஆவூரப் போடவா, ஒங்க அயர்லாந்து வீட்டப் போடவா?"

வாய் திறந்தேன். தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை.

"அப்பா, இருக்கீங்களா?"

அவள் பேனா முனை படிவத்தின் அந்த வெற்றுக் கட்டத்துக்கு மேலே அப்படியே நின்றது.