நட்டைத் திருப்பிப் போட்டவன்

அமீரகத்துப் புஜைராவில் எண்ணெய் டாங்குகள் நிற்கும் ஒரு டெர்மினலில் நான் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன். பிரஷர் கேஜ் உண்மை பேசுகிறதா, டாங்கில் எண்ணெய் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று காட்டும் கருவி பொய் சொல்கிறதா, இதைப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. எங்கள் தமிழ்ச் சபையின் பாடகர் குழுவை நடத்துகிற அக்கா, நாகர்கோவில் பக்கத்து நர்ஸ், இதை எப்படிப் புரிந்துகொண்டாரோ தெரியவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை ஆராதனை முடிந்ததும் கறுப்பு உறை போட்ட பேஸ் கிதார் ஒன்றைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

"தம்பி இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியனாம்லா? இது கரகரன்னு சத்தம் போடுது. கிறிஸ்மஸுக்குள்ள சரியாக்கித் தா மக்களே. அண்ணன்தான் வாசிக்கப் போறாரு."

அண்ணன் என்றது அவர் கணவரை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். அதுவரை வாசித்தவர் வேலையை முடித்துக்கொண்டு ஊரோடு போய்விட்டார், கிதாரைச் சபைக்கு விட்டுவிட்டு.

"அக்கா, என் இன்ஸ்ட்ருமென்ட் வேற" என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். வாயே திறக்கவில்லை. ஏனென்றால் அதை வாசிக்க எனக்கு அவ்வளவு ஆசை.

தூத்துக்குடியில் பதினைந்து வயதில் கோயில் பாடகர் குழுவுக்கு பேஸ் கற்கப் போனேன். நான் இடதுகைக்காரன். கிதாரை என் வசத்துக்குப் பிடித்ததும் அதன் கழுத்து பக்கத்தில் நின்றவன் மண்டையில் இடித்தது. "பீச்சாங்கைய வச்சிக்கிட்டு சாமி பாட்டால? போய் காணிக்கைத் தட்டப் பிடி" என்றார் மாஸ்டர். எல்லோரும் சிரித்தார்கள். வெட்கங்கெட்டவன் நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் எரிகிறது. டிப்ளமோ படிக்கும்போது ஒரு சிநேகிதன் தன் கிதாரின் கம்பிகளை எனக்காக மாற்றிக் கட்டித் தந்தான். மூன்று வருஷம் அவன் வீட்டு மாடியில் வாசித்தேன். மேடை மட்டும் ஏறியதில்லை. வளைகுடாவுக்கு வந்த பிறகு, கை கொடுப்பது, சாப்பிடுவது, பைபிள் பிடிப்பது எல்லாமே வலதுகைதான். இடதுகை என்று ஒருவருக்கும் சொன்னதில்லை.

கரகரப்புக்குக் காரணம், ஒயர் சொருகும் இடத்தில் தளர்ந்திருந்த ஒரு நட்டு. ஸ்பானரால் இரண்டு திருகு, கலாஸ், வேலை முடிந்தது. அதோடு திருப்பிக் கொடுத்திருந்தால் நான் யோக்கியன்.

அடுத்த ஆஃப் நாளில் ரூமில் உட்கார்ந்து, வலதுகை கிதாரை இடதுகைக்கு மாற்றுவது எப்படி என்று ஒரு வீடியோ பார்த்தேன். முதலில் நட்டைக் கழற்றவேண்டும் என்றான். கழற்றலாமே, நமக்குத் தெரியாத நட்டா! ஸ்பானரோடு முன்னும் பின்னும் தேடினேன். நான் முடுக்கிய அந்த ஒயர் நட்டைத் தவிர ஒன்றுமில்லை.

"என்னண்ணே தேடுறீங்க?" என்றான் புதுக்கோட்டைக்கார ரூம்மேட்.

"நட்டு கழட்டணும்டா."

"ஏற்கனவே கழண்டிருக்கே, அது கிதாருக்கா, உங்களுக்கா?"

கடைசியில் பார்த்தால், கழுத்தின் உச்சியில் கம்பிகள் உட்காருகிற வெள்ளைப் பட்டைக்குத்தான் நட்டு என்று பெயராம். பெயர் வைத்தவன் கையில் கிடைத்தால் தெரியும் சேதி. மரத்துண்டை வைத்து மெல்லத் தட்டினேன், பெயர்ந்து வந்தது. முன்பக்கத்தைப் பின்பக்கமாகத் திருப்பி ஒட்டினேன். தடித்த கம்பிக்கான வெட்டு இப்போது எதிர்ப்பக்கம் வந்துவிட்டது. நான்கு கம்பிகளையும் வரிசை மாற்றிக் கட்டி, தோள்வார் மாட்டும் குமிழைக் கிதார் உடம்பின் எதிர்ப்பக்கக் கொம்புக்கு மாற்றினேன். ஒவ்வொரு கம்பியும் மேலேயும் கீழேயும் சுதி ஒத்துப்போகிறதா என்று போனை வைத்துச் சரிபார்த்தேன். அது மட்டும் கேஜ் வேலை மாதிரிதான்.

இனி வலதுகைக்காரன் எவன் எடுத்தாலும் கம்பிகள் தலைகீழ். அண்ணனும் சேர்த்துத்தான். அதுதான் என் திட்டம். கிறிஸ்மஸ் மாசத்தில் செய்கிற காரியமா இது? ஆனாலும் செய்தேன். அக்கா கேட்டபோதெல்லாம் "ஒரு பார்ட்ஸ் வரணும்க்கா" என்று கேரல் ஆராதனை வரை இழுத்தடித்தேன்.

அன்று மாலை அண்ணன் புதுச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி வந்திருந்தார். கிதாரை மாட்டி ஒரு கம்பியைத் தட்டினார். கும்மென்று வரவேண்டியது டிங் என்றது.

"என்னடே இது, தலையும் வாலும் மாறிக் கெடக்கு?"

"இந்த ஊரு வெயில்ல கழுத்து முறுக்கிட்டுண்ணே. கம்பிய மாத்திப் போட்டாத்தான் நிக்கும்" என்று அடித்துவிட்டேன். டெக்னீஷியனே சொல்லிவிட்டான் என்று குழு முழுக்கத் தலையாட்டியது.

"அப்போ ஆரு வாசிக்க?" என்றார் அண்ணன்.

அக்கா பாட்டுத்தாளிலிருந்து நிமிரவே இல்லை. "தம்பியே வாசிக்கட்டும். அவனுக்கு எடதுகைதான?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யோசிக்க நேரமில்லை, கிதார் என் தோளில் ஏறிவிட்டது. முதல் பாட்டைக் கம்பியிலிருந்து கண்ணெடுக்காமல் வாசித்தேன். இரண்டாவதில் பேஸ் சத்தம் தரை வழியாக என் முழங்காலுக்கு ஏறியது. முன்வரிசைக் குழந்தைகள் ஆடினார்கள். பீச்சாங்கை என்று ஒருத்தரும் சொல்லவில்லை. கண்ணில் தண்ணீர் முட்ட, ஒரு சரணத்தில் இரண்டு சுரம் தப்பாகப் போட்டேன்.

முடிந்ததும் எல்லோரும் கேக் தின்றார்கள். எனக்கு இறங்கவில்லை. அக்காவை ஓரமாகக் கூப்பிட்டு உடைத்துவிட்டேன். "வெயிலும் இல்ல, கழுத்தும் இல்லக்கா. நான்தான் வேணும்னே நட்டத் திருப்பிப் போட்டேன்."

"ஆஸ்பத்திரியில நானும் டெய்லி கேஜ் பாக்குறவதாம்டே. இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? பின்பெஞ்சில இருந்துகிட்டு எடதுகையால தொடையில கம்பி மீட்டுற மாதிரி தாளம் தட்டுவியே, ஒரு வருஷமா பாத்துக்கிட்டுதான இருக்கேன்."

"அப்ப அண்ணன்?"

அண்ணன் தூரத்தில் இரண்டாவது கேக்கை எடுத்துக்கொண்டிருந்தார். அக்கா குரலை இறக்கினார். "ரெண்டு மாசமா வீட்டுல தொடப்பத்த வச்சிப் பழகுனாரு. நாம ஒரு பாட்டுப் பாடுனா அவரு வேற பாட்டுக்கு அடிப்பாரு. கெட்டுன பொண்டாட்டி நானே வேண்டாம்னு சொன்னா வீடு வீடா இருக்குமா? அதான், கையில கெடச்சா நீ விடமாட்டன்னு ஒங்கிட்ட தந்தேன்."

அக்கா தன் தட்டிலிருந்த கேக்கை என் இடதுகையில் வைத்தார்.

"அடுத்த வருஷத்துக்கு ட்ரம்ஸ் படிக்கப் போறாராம். அதுல நட்டு நெறைய உண்டாம்லா, தம்பி?"