நிக்கோலாசாவின் கோடு

நிக்கோலாசாவின் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்தான். அவள் காலையில் நாலரைக்கு எழுந்து அடுப்பு மூட்டுவது எனக்கு என் படுக்கையிலிருந்தே கேட்கும். ஐந்தேகாலுக்குக் கதவு சாத்தும் சத்தம். மலைமேல் இருக்கும் எங்கள் எல் ஆல்ட்டோவிலிருந்து இறங்கி, லா பாஸ் நகரத்தைக் கடந்து, அதற்கும் கீழே ஒப்ராஹெஸில் ஒரு வீட்டுக்குச் சமைக்கப் போகிறாள். முப்பத்தோரு வருடமாக ஒரே வீடு. திரும்பி வர இரவு எட்டாகும். கடைசி ஆறு வருடம் அந்த வேலையோடு, படுக்கையில் கிடந்த தன் அம்மாவுக்கும் எல்லாம் செய்தாள். அம்மா போய் ஒரு வருடம் ஆனபோது நிக்கோலாசாவுக்கு வயது ஐம்பத்தெட்டு. பார்த்தால் எழுபது சொல்லலாம்.

வருடத் திதிப் பூசைக்குத் தங்கை எவுலோகியா சாவோ பாவ்லோவிலிருந்தும், தம்பி ரூஃபினோ புவெனோஸ் ஐரெஸிலிருந்தும் வந்தார்கள். அவள் அங்கே தையல் பட்டறையில் இருக்கிறாள்; அவனுக்குக் கொத்து வேலை. ஞாயிறு காலை கோயிலில் பூசை முடிந்து, கறுப்பு உடுப்பைக் களைந்து, ஆட்டுக்கறி சூப் குடித்துக்கொண்டிருக்கும்போது சண்டை ஆரம்பித்தது. எங்கள் அப்பாக்கள் வேலை பார்த்த சுரங்கத்தை மூடி எங்களையெல்லாம் குடியிருப்பிலிருந்து கிளப்பியபோது இவர்கள் குடும்பம் முதலில் எங்கே போனது என்பதுதான் சண்டை.

"ஓருரோவுக்குத்தான் போனோம். ஒரு மாட்டுக் கொட்டகையில படுத்தோம், ஞாபகமில்ல?" என்றாள் எவுலோகியா.

"உனக்கு எல்லாமே மாட்டுக் கொட்டகைதான். நேரா இங்க வந்தோம், லாரியில," என்றான் ரூஃபினோ.

"உனக்கு அப்ப ஆறு வயசு, மூக்கு ஒழுகிட்டு இருந்த. நீ சாட்சி சொல்றியா?"

கடைசியில் எவுலோகியா எழுந்து, தான் கொண்டுவந்த வெள்ளைப் படுக்கை விரிப்பைச் சுவரில் ஆணியடித்து மாட்டினாள். "போன வழியெல்லாம் வரைஞ்சிரலாம். இனிமே எவனும் எவளும் கதை விடக் கூடாது." நான் தொப்பி பின்னி விற்பவள் என்பதால் நூலுக்கு என்னிடம் ஆள் வந்தது. கருப்பு, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நாலு உருண்டை எடுத்துக்கொண்டு போனேன்.

ஏரிக்கரையில் அப்பா பிறந்த ஊருக்கு ஓர் ஆணி, சுரங்கத்துக்கு ஓர் ஆணி, எல் ஆல்ட்டோவுக்கு ஓர் ஆணி, மூன்றையும் கோத்துக் கருப்பு நூல்; ஓருரோ நடுவே வருமா என்பது மட்டும் தீரவில்லை. பழைய ரேஷன் அட்டை, பஸ் டிக்கெட், அப்பாவின் ஹெல்மெட்டோடு எடுத்த படம் எல்லாவற்றையும் குண்டூசியால் குத்தினார்கள். சுரங்கக் குடியிருப்பைச் சுற்றி ஆளுக்கொன்று வரைந்தார்கள். ரூஃபினோ பந்து மைதானம் போட்டான். எவுலோகியா ஒரே ஒரு குழாயும் அதன் முன்னால் நீண்ட வரிசையும் போட்டாள். நிக்கோலாசா ஓரத்தில் சின்னதாக ஒரு சிலுவை வைத்தாள்.

"இது யாருக்கு?" என்றான் ரூஃபினோ.

"உனக்கு முன்னாடி பிறந்தவன். பதினோரு நாள் இருந்தான்."

அவனுக்கு அது தெரியாது. குனிந்து அந்தச் சிலுவையைப் பார்த்தான். பிறகு புவெனோஸ் ஐரெஸுக்காகப் பச்சை நூலைத் தெற்கே விரிப்பின் அடிவரைக்கும் இழுத்தான். எவுலோகியாவின் மஞ்சள் நூல் கிழக்கே போய், விரிப்பு போதாமல் சுவரிலேயே முடிந்தது. இருவரும் தள்ளி நின்று பார்த்துச் சிரித்தார்கள்.

"அக்கா, உனக்குத்தான் கோடே இல்ல. சுரங்கத்துலேருந்து இங்க வந்த, ஆணி அடிச்சாப்ல உக்காந்துட்ட," என்றான் ரூஃபினோ. "எங்கயாச்சும் போயிருக்கலாம்ல?"

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நிக்கோலாசா பாத்திரம் கழுவிய கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்தாள். எல் ஆல்ட்டோ ஆணிக்கு ஒரு ஜாண் கீழே, ஒப்ராஹெஸுக்கு இன்னோர் ஆணி அடித்தாள். சிவப்பு நூலை இதில் கட்டி அதில் சுற்றினாள். அதிலிருந்து இதற்கு. மறுபடி கீழே, மறுபடி மேலே.

"ஒண்ணு, ரெண்டு, மூணு…" என்று ரூஃபினோ கேலியாக எண்ணினான். நாற்பதைத் தாண்டியதும் நிறுத்திவிட்டான். அவள் நிறுத்தவில்லை. அவசரமும் படவில்லை; வேலைக்குப் போவது போலவே சுற்றிக்கொண்டிருந்தாள். எவுலோகியா, "போதும்க்கா," என்றாள். அது அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. உருண்டை தீர்ந்து நுனி கையில் நின்றபோது ஆணி இரண்டும் நூலில் மறைந்து போயிருந்தன.

"முத வருஷமே முடியல," என்றாள். "இன்னும் முப்பது இருக்கு. பெனிதா, வேற நூல் வச்சிருக்கியா?"

என்னிடம் இருந்தது. இல்லை என்றேன்.

 மறுநாள் நாலரைக்கு அடுப்பு மூட்டியது எவுலோகியா. முதலாளியம்மாவுக்கு நிக்கோலாசா போன் செய்து, ஒரு வாரம் தங்கை வருவாள் என்று சொல்லியிருந்தாள். செவ்வாய்க்கிழமை ஊர் திரும்ப வேண்டிய பஸ்ஸைத் தங்கையும் தம்பியும் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொண்டார்கள். முதல் நாள் இரவு எவுலோகியா வந்து உப்பு வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டாம் நாள், "அந்தம்மா தினமும் ரெண்டு வகை சூப் கேப்பாளா?" என்று மட்டும் கேட்டாள்.

"ரெண்டுதான். அதுல ஒண்ண சாப்பிட மாட்டா."

நிக்கோலாசா இரண்டு நாள் தூங்கினாள். ரூஃபினோ கஞ்சி வைத்துக் கொடுத்தான், அடிப்பிடித்த கஞ்சி. மூன்றாம் நாள் வெளியே வந்து என் பக்கத்தில் வெயிலில் உட்கார்ந்தாள். "தூங்கினா சரியாயிரும்னு நெனச்சேன். இப்பத்தான் வலியே தெரியுது, அவ்வளவுதான்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கிளம்பியபோது, பஸ் நிலையத்துக்கு வரவில்லை என்று நிக்கோலாசா சொல்லிவிட்டாள். அங்கே நின்று கையசைத்தது போதும் என்றாள். வாசலிலேயே இருவரையும் கட்டிப்பிடித்து அனுப்பினாள். நான்தான் கூடப் போனேன். டிக்கெட் வரிசையில் ரூஃபினோ மூக்கைச் சிந்திக்கொண்டே இருந்தான்.

திங்கட்கிழமை ஐந்தேகாலுக்கு அவள் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அன்றே முதலாளியம்மாவிடம், இனிமேல் சனிக்கிழமை வர முடியாது என்று சொல்லிவிட்டாள். அந்தம்மா முனகினாளாம். இப்போது ஒரு சனி விட்டு ஒரு சனி போகிறாள்.