இரண்டு கிணற்றுக் கெண்டைகள்

மீன் எப்படி வளர்கிறது என்று ஓராண்டு ஆராய்ச்சி செய்துவிட்டு, அந்த ஓராண்டில் ஒரு மீனின் குடலைக்கூடத் திறந்து பார்க்காத விஞ்ஞானி நான். தசை என் இலாகா. வெட்டியெறிந்த குடல் கல்லூரிப் பூனையின் இலாகா. பூனை கொழுத்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், மீன் தசையின் வளர்ச்சியை ஆராய எனக்கு ஸ்காலர்ஷிப் கிடைத்தது. சேலத்தில் ஒரு கல்லூரியின் பின்னறை, ஒரு மைக்ராஸ்கோப், சில ஃபார்மலின் ஜாடிகள். என் கொள்கை எளிது: அலைந்து திரியும் மீனுக்குத் தசைநார் தடிக்கும், சும்மா கிடக்கும் மீனுக்குத் தடிக்காது. நிரூபிக்க இரண்டு கிணறுகள் வேண்டும். ஒன்றில் தண்ணீர் கலங்கிக்கொண்டே இருக்க வேண்டும். மற்றது அசையக் கூடாது.

வெண்ணந்தூர்ப் பக்கம் அப்படியே அமைந்தது. நாச்சிமுத்துக் கவுண்டர் கிணற்றில் விடிந்தது முதல் மாடு பூட்டி இறைக்கும் கவலை ஓடும். மாடுகள் இழுக்க, தோலால் தைத்த சால் இறங்கி ஏறித் தண்ணீரைக் கலக்கும். வேலிக்கு அந்தப் பக்கம் அவருடைய பங்காளி பெரியண்ணக் கவுண்டரின் கிணறு. வெக்கை என்ற மாட்டு நோயில் பெரியண்ணருடைய மாடுகள் செத்துப்போனதால் அந்த வருஷம் இறைப்பும் இல்லை, வெள்ளாமையும் இல்லை. பாகம் பிரித்த நாளிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுக் கிடையாது.

பனமரத்துப்பட்டி ஏரியிலிருந்து ஒரே அளவான கெண்டைக் குஞ்சுகளைக் குடங்களில் கொண்டுவந்து இரண்டு கிணற்றிலும் விட்டேன். யாரும் தீனி போடக் கூடாது என்று சொன்னேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். உற்சாகத்தில், யார் கிணற்று மீன் பெரிதாகிறது பார்க்கலாம் என்று இருவரிடமும் தனித்தனியே சொல்லிவைத்தேன். பேச்சில்லாத பங்காளிகளிடம் இதைவிட ஆபத்தான வாக்கியம் சொல்ல முடியாது.

மாதாமாதம் போய்ப் பிடித்து அளந்ததில், வளர்ந்தது பெரியண்ணர் கிணற்று மீன். வளர்ந்தது என்பது போதாது; ஊதியது. நான் கலங்கவில்லை, கொள்கையைத் தலைகீழாகத் திருப்பினேன்: ஓய்வே தசையை வளர்க்கிறது. என் சுபாவத்துக்கு இந்தக் கொள்கை முன்னதைவிடப் பொருந்தியும் வந்தது.

ஸ்காலர்ஷிப்பை நீட்டிப்பதா நிறுத்துவதா என்று முடிவு செய்ய, என் ஆராய்ச்சியை மேற்பார்த்த பேராசிரியர் சென்னையிலிருந்து நேரில் வந்தார். நிறுத்தினால் நான் அம்மாபேட்டையில் மாமனாரின் நூல் கடைக்குப் போக வேண்டும். அவர் எனக்கென்று நாற்காலியே வாங்கிப் போட்டிருந்தார்.

பெரியண்ணர் கிணற்றடியிலேயே ஒரு கெண்டையை அறுத்துத் தசையைக் காட்டினேன். பேராசிரியர் குடலைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். உள்ளே முழுக்கக் கடலைப் பிண்ணாக்கு.

"தின்னா வளரும்னு கண்டுபிடிச்சிருக்கீங்க, மிஸ்டர். இதுக்கு மைக்ராஸ்கோப் எதுக்கு?" என்றார்.

பக்கத்தில் நின்ற பெரியண்ணர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் சுருட்டிக்கொண்டார். "மாடு போயிருச்சுங்க. அதுக்கு வாங்குன பிண்ணாக்கு மிஞ்சிக் கெடந்துச்சு. பங்காளி காடு பூராப் பச்சையா இருக்குதுங்க. எங்காட்டுல வளந்தது இந்த மீனு மட்டுந்தானுங்க. போட்டது தப்புங்களா?"

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வண்டி ஏறும்போது, இன்னும் ஒரு வருஷம் தருவதாகச் சொன்னார். ஆனால் இரண்டு கிணற்றுக்கும் ஒரே தீனி, அதுவும் என் கையால்.

இளைய ஆராய்ச்சியாளர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: தசைநாரை அளப்பதற்கு முன், சோறு போடுவது யார் என்று விசாரியுங்கள்.

வண்டி போனதும் வேலியைத் தாண்டி நாச்சிமுத்துக் கவுண்டர் வந்தார். பங்காளி செய்த காரியத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று நான் அவருக்குச் சமாதானம் சொன்னேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அவன் பிண்ணாக்கு எப்பவோ தீந்துபோச்சுங்க. பொறவு போட்டதெல்லாம் எங்கூட்டுதுங்க. மாடு போன ஊட்டுல மீனாச்சும் பெருக்கட்டும்னு எங்கூட்டுக்காரி கொண்டுபோய் அவன் கெணத்தடியில வெச்சுட்டு வருவா. ஊருக்கே தெரியுமுங்க. மாசாமாசம் வந்து பாக்கறீங்களே, உங்களுக்குந் தெரியும்னுல்லங்க நெனச்சோம்."